பற்றைக்குள் இருந்த இரண்டு பேர்

மாதாவைத் தொட்டுக் கும்பிடப் போய் நூதனசாலை மணியை அலறவைத்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். ரொறன்ரோவில் வந்திறங்கிய மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தது. உடம்பு இன்னும் கொழும்பு நேரத்தில் இருந்தது. கால் இரண்டும் யாரோ ஒருவருடைய கால்போல இருந்தன.

அந்தப் படம் மரப்பலகையில் தீட்டியது. நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். வளைவு ஒன்றின் கீழே மாதா அமர்ந்திருக்கிறார், மடியில் பாலன். ஒரு பக்கம் அம்பு தைத்த செபஸ்தியார். மற்றப் பக்கம் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நாயோடு நிற்கும் ரொக்கு முனிவர். எங்கள் ஊரில் மாதா படத்தைக் கண்டால் கை தானாகப் போகும். பாதத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைப்போம். அப்படித்தான் போனது என் கை. பலகைக்கு இன்னும் நாலு அங்குலம் இருக்கும்போதே கீச்சென்று மணி அலறியது. அங்கே நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, தயவுசெய்து கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது. நீல மேல்சட்டை, கழுத்துப்பட்டி, இடுப்பில் வயர்லெஸ். அது என் கூடப்பிறந்த தம்பி ஞானப்பிரகாசம். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வசனம் அது.

அவன் அங்கே செக்கியூரிட்டி வேலை செய்கிறான் என்று தெரிந்துதான் போயிருந்தேன். அவனைப் பிடிக்க எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. மகள் ஜெனிற்றாவின் கலியாணம் அடுத்த கிழமை சனி. அதற்குத்தான் நான் கனடா வந்தது. வந்திறங்கிய அன்றைக்கே, பயணப் பெட்டியைத் திறக்க முதல், மகள் சொல்லிவிட்டாள்: சித்தப்பாவைக் கூப்பிடாமல் தான் கோயில் வாசல் மிதிக்கமாட்டாளாம். ஏஜென்சிக்காரன் ஆறு வருடத்துக்கு முன்னர் அவளை இந்த நகரத்தில் இறக்கிவிட்டபோது அவள் கையில் இருந்தது ஞானத்தின் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். அவளுடைய தாய் எனக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்தது. பார்க்டேலில் அவன் வீட்டில் நாலு வருடம் இருந்து படித்தாள். எனக்கு அது தெரியும். தெரியாதது போலவே இருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு. பதினொரு வயதில் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போனவன். எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் பழகவில்லை, கடைப் பலகை எழுதித்தான் பழகினேன். இன்றைக்கு வெள்ளவத்தையில் பெயின்ற் வாங்க வருகிறவர்கள் ‘சவிரிமுத்து கடை எது’ என்று கேட்டுத்தான் வருவார்கள். கோடு போடாமல் இருபது அடிப் பலகையில் நேராக எழுத இலங்கையில் என்னைவிட்டால் ஆள் குறைவு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எழுதியது எல்லாம் இன்னும் அங்கே தொங்குகிறது, போய்ப் பார்க்கலாம்.

ஆகவே அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கண் வேறு விதமாகத்தான் பார்த்தது. மாதாவின் முகம் ஒருவன் செய்தது. நல்ல கை. உடுப்பும் பாலனும் இன்னொருவன். பாலனுக்குப் பென்ஷன் எடுத்தவரின் முகம். நாய் மூன்றாவது ஆள், அவன் நாயையே கண்டதில்லைப் போலும். என் கடையிலும் அப்படித்தான் வேலை நடக்கும். பேரெழுத்தை நான் எழுதுவேன், உள்ளே நிரப்புகிறது மற்றவர்கள். இத்தாலியில் ஒரு சிறிய ஊரில், ஐந்நூறு வருடத்துக்கு முன்னர், என்னைப்போல ஒரு முதலாளி தன் ஆட்களோடு செய்த வேலை இது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு விசாரித்தபோது அதுவே சரியாக இருந்தது. கீழே உள்ள சீட்டில் அவன் பெயர்கூட இல்லையாம், ஊர்ப்பெயர் மட்டும்தான்.

அன்றைக்கு ஞானம் அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் தலைக்கு மேலால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது.

புதன்கிழமை நான் தனியாகவே போகிறேன் என்று மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். வெளிக்கிட முதல் அவள் இடியப்பமும் சொதியும் தந்தாள். தமிழ்க் கடையில் வாங்கியது, குளிர்பெட்டியில் கிடந்து சூடு காட்டியது. வாயில் வைத்தால் நூல் நூலாக இருந்தது. ஸ்காபரோவில் இருந்து பஸ், பிறகு சுரங்க ரயில். அதிலே நித்திரை கொண்டுபோய் மேற்கே கடைசி ஸ்ரேசனில் கண் விழித்தேன். திரும்பி வந்து, வீதியில் ஓடுகிற ட்ராமில் ஏறினேன். இங்கே அதற்கு ஸ்ட்ரீட்கார் என்று பேர். பாதி வழியில் சாரதி ஒலிவாங்கியில் என்னவோ சொல்ல, சனமெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. ஊரில் இப்படி எல்லோரும் ஒன்றாக இறங்கினால் முன்னால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். நான் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். சாரதி எழும்பி வந்து, தாத்தா, இந்த வண்டி இதோடு திரும்புகிறது, அடுத்ததில் போங்கள் என்று கையால் விளங்கப்படுத்தினான். பாதி வழியில் மனம் மாறித் திரும்புகிற வண்டியை நான் இந்த ஊரில்தான் கண்டேன். மழையில் அரை மணித்தியாலம் நின்றேன். ஐப்பசி மாதத்து மழை கொழும்பிலும்தான் பெய்கிறது. இப்படி எலும்புக்குள் போய்க் குந்திக்கொள்வதில்லை.

நூதனசாலைக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. தம்பி அந்த அறையில் இல்லை. காவல்காரரை மணிக்கொரு தரம் அறை மாற்றுவார்களாம். தேடிப் பிடித்தேன். அவன் ஓட முடியாது, உட்காரவும் முடியாது, என்னை வெளியே போகச் சொல்லவும் முடியாது. இதைவிட வசதியான இடம் கிடைக்குமா என்று நினைத்துப் பக்கத்தில் நின்று கதைக்கத் தொடங்கினேன். கடையின் இரண்டாவது கிளையைச் சொன்னேன். மாடி எடுத்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை நல்ல பொடியன், அஜக்ஸில் வீடு பார்க்கிறான் என்று சொன்னேன். மணி வந்ததும் அவன் அடுத்த அறைக்கு நடந்தான். நானும் நடந்தேன். சீனப் பானைகள் இருந்த அறையில் என் ஆசுப்பத்திரி வைத்தியத்தைச் சொன்னேன். இரும்புச் சட்டை போட்ட குதிரைக்காரர் அறையில் என் மனைவி திரேசம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னேன். அவளைச் சொன்னபோது மட்டும் அவன் தொண்டையைச் செருமினான். வேறு ஒன்றுமில்லை. என் முழங்கால் வீங்கிவிட்டது. எனக்கே என் குரல் அலுத்துப்போனது.

அன்றைக்கு இரவு மகள் கேட்டாள், சித்தப்பா என்ன சொன்னவர் என்று. யோசிக்கிறான் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

வியாழக்கிழமை நேரே அந்த மாதா இருந்த அறைக்குப் போய் மர வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். எப்படியும் அவன் அங்கே வந்துதானே ஆக வேண்டும். பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா இருபது பேரைக் கூட்டிவந்து படத்தைக் காட்டிப் பேசினாள். ஆங்கிலம் எனக்குக் கடைக் கணக்குக்குக் காணும், அதற்குமேல் எட்டாது. அவள் மாதாவைப் பற்றி அதிகம் பேசவில்லை. விரலைப் படத்தின் அடிப்பக்கத்துக்கே நீட்டினாள், பிறகு பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவுக்கு நீட்டினாள், திரும்பவும் படத்துக்கு. சனம் ஆ என்றது.

நானும் எழும்பிப் போய்ப் பார்த்தேன், கோட்டுக்குப் பின்னால் நின்றுதான். போட்டோ, படத்தைத் துப்புரவாக்க முதல் எடுத்தது. முழுக்க மெழுகுதிரிப் புகையும் மஞ்சள் வார்னிஷும். அதில் இடப்பக்கம் கீழே, செபஸ்தியார் காலடியில், சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறிய மனிதன் முழங்காலில் நிற்கிறான். வலப்பக்கம் ஒரு பற்றை. வெறும் பச்சைப் புதர். ஆனால் துப்புரவாக்கிய படத்தில் பற்றை இல்லை. அந்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் முழங்காலில் நிற்கிறார்கள். ஒரு ஆண், அவனுக்குப் பின்னால் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண்.

போட்டோவில் இருந்த பற்றையைக் கிட்டப் பார்த்தேன். இலைகள் அவசரமாகக் குத்தியது. முதல் மூன்று கைகளில் எதுவும் இல்லை. நாலாவது ஒருவன், பிறகு வந்தவன்.

“எக்ஸ்ரே பிடிச்சுத்தான் கண்டுபிடிச்சவை” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தமிழில்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவன் வாயை மூடிவிடுவான் என்று பட்டது. ஞானம் மெதுவாக, சொண்டு அசையாமல் சொல்லிக்கொண்டு போனான். அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன்தான் படத்தைச் செய்வித்துக் கோயிலுக்குக் கொடுத்தவனாம். ஊரில் பெரிய நோய் வந்து போன பிறகு கொடுத்த நேர்த்தி. மற்றவன் அவனுடைய சகோதரனாக இருக்க வேண்டும், மூக்கைப் பார் என்கிறார்களாம். பின்னால் நிற்கிறவள் அவன் மனைவி. படம் செய்து கொஞ்சக் காலத்திலேயே யாரோ அந்த இரண்டு பேருக்கும் மேலால் பற்றையை வரைந்துவிட்டிருக்கிறார்கள். இப்போது பஞ்சைக் குச்சியில் சுற்றி, மருந்தில் தோய்த்து, நகமளவு நகமளவாக ஒரு பெண் ஒன்றரை வருடம் இருந்து பற்றையை எடுத்திருக்கிறாள்.

“எட்டு மாதமா ஒவ்வொரு நாளும் இதைக் கேக்கிறன்” என்றான். “ஒவ்வொரு கூட்டத்திலையும் ஒருத்தர் கேப்பினம், ஆர் மறைச்சதெண்டு. படம் காட்டுற மனிசி சொல்லும், ஒருத்தருக்கும் தெரியாதெண்டு.”

இதற்குமேல் எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. என்றாலும் தொடங்கியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் எங்கள் கோயில் வளவில் அப்பா அம்மா நினைவாக நானும் ஞானமும் சேர்ந்து லூர்து மாதாவுக்கு ஒரு கெபி கட்டினோம். கல்லால் குகை, உள்ளே சுரூபம். பக்கத்துச் சுவரில் நீல நிலத்தில் வெள்ளை எழுத்தில் ‘அன்பளிப்பு’ என்று போட்டு, என் பெயரும் திரேசம்மா பெயரும் ஒரு வரி. கீழ் வரியில் அவன் பெயர். எல்லாம் என் கையெழுத்து. பிறகு அவன் கமலாம்பிகையைக் கலியாணம் முடித்தான். சைவக்காரப் பிள்ளை, ஞானஸ்நானமும் எடுக்கவில்லை. நான் போகவில்லை, திரேசம்மாவையும் போகவிடவில்லை. அவன் ஒரு நாள் பிரஷோடு போய்த் தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதிவிட்டு வந்தான். திருநாளுக்கு முதல் நாள் நான் போய் அந்தக் கீழ் வரி முழுவதையும் நீல எனாமலால் அடித்து மூடினேன். மறுநாள் பூசைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வந்தவன், ஊர்ச் சனம் எல்லாம் பார்க்க அந்தச் சுவருக்கு முன்னால் நின்றான். கோயிலுக்கு வெள்ளை அடிக்க வந்தவர்கள் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். சுவாமியாரிடமும் அதையே சொன்னேன். திரேசம்மாவிடமும் அதுதான். அந்த வருடமே அவர்கள் கனடாவுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது அந்தக் கெபி இல்லை. கோயிலே இல்லை, ஷெல்லடியில் போய்விட்டது.

இவ்வளவும் எனக்குள் ஓடி முடிய எத்தனை நேரம் எடுத்ததோ தெரியாது. சனம் போய்விட்டது. அறையில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

“அது நான்தான்” என்றேன்.

அவன் வயர்லெஸின் சத்தத்தைக் குறைத்தான்.

“வெள்ளை அடிச்ச ஆக்கள் இல்லை. நான்தான் போய் அடிச்சனான்.”

“எத்தினை கோட் பெயின்ற்?”

“ரெண்டு.”

“ரெண்டோ?”

“முதல் கோட்டிலை எழுத்துத் தெரிஞ்சுது.”

கழுத்துப்பட்டியை நேராக்கினான். பிறகு, “எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. வெள்ளை அடிக்கிறவன் அப்பிடி நேராய்க் கரை பிடிச்சு அடிப்பானோ? மேல் எழுத்திலை ஒரு பொட்டுப் படேல்லை. உங்களை விட்டால் ஆர் அப்பிடி அடிக்கிறது?” என்றான்.

வாழ்க்கையில் என் தொழிலை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, நான் சுரண்டவில்லை, மேலால்தான் அடித்தேன், எழுத்து அடியில் அப்படியே இருந்திருக்கும் என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

“இருந்திருக்கும்” என்றான். “சுவர் எங்கை?”

ஒரு தாயும் பிள்ளையும் உள்ளே வந்தார்கள். பிள்ளை நாயைப் பார்க்க ஓடியது. ஞானம் போய் ஆங்கிலத்தில் அன்பாகக் கோட்டைக் காட்டினான். திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றான். எனக்கு மனதிலிருந்து பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது, அந்த வாங்கிலேயே படுத்துவிடலாம் போலவும் இருந்தது. வந்த அலுவல் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கேட்டேன்: “அப்ப அடுத்த கிழமை கலியாணத்துக்கு வாறாய்தானே?”

அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணை, அந்தப் பற்றைக்குள்ளை எத்தினை பேர்?”

“ரெண்டு பேர்.”

“கலியாணத்துக்குச் சொல்லுறதெண்டால் வீட்டை போய்ச் சொல்லுறது. வேலை செய்யிற இடத்திலை, காவலுக்கு நிக்கிற ஆளிட்டை வந்தோ சொல்லுறது?” கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். “நாளைக்குப் பகல் அவள் வீட்டிலை நிப்பாள். நான் நிக்கமாட்டன்.”

மணி மாறியது. அவன் அடுத்த அறைக்குப் போனான். நான் பின்னால் போகவில்லை.

நான் ஊர்முறை தெரியாதவன் அல்ல. கொழும்பில் எனக்கு வேண்டாதவன் வீட்டுக் கலியாணத்துக்குக்கூட வீட்டுக்கு வந்து சொன்னால்தான் போவேன், அட்டை தபாலில் வந்தால் போகமாட்டேன். அப்படிப்பட்டவன் மூன்று நாள் அறை அறையாகத் திரிந்திருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் நிற்கப் பயந்துதான் திரிந்தேன் என்பதை இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பார்க்டேல். பழைய உயர்ந்த கட்டடம். கீழே ஒரு தமிழ்ப் பெடியனிடம் இலக்கத்தைக் காட்ட, எலிவேற்றர் வேலை செய்யவில்லை, நடக்க வேண்டும் அங்கிள் என்றான். ஒன்பதாம் மாடி. ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு நாட்டுச் சமையல் வாசம். நாலாம் மாடியில் படியிலேயே குந்தி இருந்தேன். ஆறாம் மாடியில் ஒரு கறுப்பினத்து அம்மா கதிரை கொண்டுவந்து வைத்து, இருங்கள், அவசரப்படாதீர்கள் என்று தண்ணீர் தந்தாள். பாதியில் திரும்பிப் போய்விடுவோமா என்று அங்கேதான் யோசித்தேன். எட்டாம் மாடியில் பொரித்த மிளகாய் மணத்தது. அப்போது விளங்கிவிட்டது, கிட்ட வந்துவிட்டேன் என்று.

கதவைத் தட்டினேன். உள்ளே அரவம் கேட்டது, நின்றது. நெடுநேரம் திறக்கவில்லை. பிறகு சங்கிலி போட்டபடி நாலு விரல் அகலத்துக்குக் கதவு விலகியது. கண்ணாடி போட்டிருந்தாள். நான் அவளை ஊரில் ஒரே ஒரு தடவைதான், அந்தச் சுவருக்கு முன்னால், பார்த்திருக்கிறேன்.

மூச்சு வாங்கியது. எந்தக் கடைக்குப் போனாலும், எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் நான் என் பெயரையும் கடையையும் சொல்லித்தான் கதையைத் தொடங்குவேன். அங்கே, “நான் ஞானத்தின்ரை அண்ணன்” என்றேன்.

“தெரியும். ஓட்டையாலை பார்த்தனான்” என்றாள். சங்கிலியை எடுக்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். அடுத்த கிழமை சனி, காலை பதினொரு மணிக்குக் கோயிலில் பூசை, பின்னேரம் மண்டபத்தில் விருந்து, நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் முன்னுக்கு நின்று நடத்தித்தர வேண்டும் என்று, முறைப்படி, ஒரு சொல் விடாமல் சொன்னேன். வியர்வை கண்ணுக்குள் ஓடியது.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: “என்ரை பேர் தெரியுமோ உங்களுக்கு?”

“கமலாம்பிகை” என்றேன். “ஆறு எழுத்து. மூடினவன் நான்தான், எனக்குத் தெரியாதோ?”

கதவு சாத்தப்பட்டது. சாத்திவிட்டாள், முடிந்தது என்று நினைத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தேன். உள்ளே சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்தது. சப்பாத்தை வெளியே விடச் சொன்னாள். குனிய முடியாமல் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சரி சரி, அப்படியே வாங்கோ என்றாள்.

உள்ளே ஒரு கதிரையில் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பால் விடாத பிளேன்ரீ வந்தது, சீனி தனியாக. நான் குடித்து முடியுமட்டும் அவள் யன்னலடியில் நின்றாள். யன்னலுக்கு வெளியே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. பிறகு தொலைபேசியை எடுத்து, இலக்கத்தைப் பார்க்காமலே அழுத்தினாள். அந்த முனையில் என் மகள் எடுத்தாள்.

“பிள்ளை, கொப்பர் இஞ்சை வந்திருக்கிறார்” என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். “ஓம். மேலை ஏறித்தான் வந்தவர். ஓம், கலியாணத்துக்குக் கூப்பிடத்தான்.”

அந்தப் பக்கத்தில் ஜெனிற்றா என்னவோ கேட்டாள். கமலாம்பிகை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஓம் பிள்ளை” என்றாள். “என்னையும்.”